ஓட்டை இலையும் வெள்ளை அணுவும்

அன்றைக்கு ஆஸ்பத்திரி நடைபாதையில் இருந்தவர்கள்: நான், என் கணவர் ஆறுமுகம், மகள் தேவி, எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிய ஒரு சீனர், ஃபிளாஸ்க்கும் போர்வையும் கொண்டுவந்திருந்த ஒரு மலாய்த் தம்பதி, கதவைத் திறந்து பெயர் கூப்பிட்ட மிஸி (தாதியை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம்), எதிர் நாற்காலியில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு ஒல்லியான மனிதர், அவர் மனைவி. மொத்தம் ஒன்பது பேர்.

உள்ளே போனபின் டாக்டர் சொன்னதில் பாதி எனக்கு நினைவில்லை. வெளியே யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. பயம் வந்தால் சுற்றியிருப்பவர்களை எண்ணத் தொடங்கிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டவள். எழுதிப் பழக்கமில்லை. எங்களைப் போல கேமரன் மலைமேல் இருந்துகொண்டு, மருந்து ஏற்றிக்கொள்ளக் கீழே ஈப்போவுக்குப் போய்வருகிறவர்கள் இதைப் படித்தால், நான் செய்த தவற்றை ஒருவராவது செய்யாமல் இருப்பார்கள் என்று தேவி சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் தெரிந்தது குளிருக்குப் போடும் ஜாக்கெட்டில்தான். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஜிப்பை மேலே ஏற்றினேன். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஏதோ இடறியது. தொட்டுப் பார்த்தால் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. வலிக்கவில்லை. வலித்திருந்தால் சீக்கிரம் போயிருப்பேன்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். என் கணவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறார். அவர் வரக் கொஞ்சம் நேரமானாலும் லோரி பள்ளத்தில் கிடப்பதாகவே நினைத்துக்கொள்வேன். மழை விடாமல் பெய்தால் மண் சரிந்து எங்கள் லைன் வீட்டின்மேல் வந்து விழும் என்று செருப்பை வாசலைப் பார்த்து வைத்துவிட்டுப் படுப்பேன். அப்படிப்பட்டவள் இந்தக் கட்டிக்கு மட்டும் பயப்படவில்லை. மற்ற பயங்கள் நிறைய இருந்ததால் இதற்கு இடமில்லாமல் போயிருக்கலாம்.

கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்தது. இரவில் சட்டை நனைகிற மாதிரி வேர்த்தது. எங்கள் ஊர்க் குளிரில் யாருக்கும் அப்படி வேர்க்காது. தேவிதான் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பயாப்சி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். லிம்போமா என்று வந்தது. உடம்பில் கிருமியைத் தடுத்து நிறுத்தும் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றனவாம். அந்த முடிச்சுகளில் வரும் புற்றுநோய்.

டாக்டர் தமிழ்ப் பெண். தேவியைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார்.

"அக்கா, மொத்தம் ஆறு தடவ கீமோ. மூணு வாரத்துக்கு ஒண்ணு. இது மருந்துக்கு நல்லாவே கேக்குற நோய்தான். ஆனா ஆறும் போட்டு முடிக்கணும், நடுவுல தள்ளிப்போகக் கூடாது. அதுக்கு நீங்க நல்லா சாப்பிடணும், காய்ச்சல் வராம பாத்துக்கணும்."

கீமோ என்றால் புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவது. ஆறு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். நான் அழவில்லை. இரவல் வாங்கிவந்த காடியில் (காரில்) ஏறியதும் ஆறுமுகம், "எண்ணெய் போட்டுட்டுப் போயிரலாமா?" என்றார். "போடுங்க" என்றேன்.

முதல் இரண்டு மருந்துகளில் முடி போனது. அதற்கு நான் தயாராக இருந்தேன். விரல் மரத்துப்போகும் என்பதை எதிர்பார்க்கவில்லை. அதையும் டாக்டர் சொல்லியிருப்பார், நான்தான் கேட்டிருக்க மாட்டேன். விரல் நுனிகளில் யாரோ பிளாஸ்டர் ஒட்டிவிட்ட மாதிரி இருந்தது. சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்தால்தான் போட முடிந்தது.

நான் திரிங்காப்பில் ஒரு தவுக்கேயின் (சீன முதலாளியின்) காய்கறி பேக்கிங் கொட்டகையில் வேலை செய்தவள். முட்டைக்கோசைக் கையில் எடுத்ததுமே உள்ளே இறுக்கமா, பொக்கா என்று தெரிந்துவிடும். இப்போது கோசும் துணிப்பந்தும் கைக்கு ஒன்றாகத்தான் இருந்தன.

விரல் போனது போலவே உள்ளேயும் ஏதோ மரத்துப்போயிருந்தது. தேவி அழுதாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுக்க வேண்டுமே என்பது மட்டும்தான் தோன்றியது.

வாய் முழுக்கக் காசைப் போட்டுக்கொண்ட மாதிரி ருசி. கோழி வாசனை வந்தாலே ஓங்கரித்தது. எடை குறைந்துகொண்டே போனது. காய்கறியாவது தின்னலாம் என்றால் அதில்தான் எனக்குப் பெரிய பயம்.

எங்கள் மலையில் காய்கறியோடு வாழ்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைக்குப் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்களில் வாரத்துக்கு எத்தனை தடவை பூச்சிமருந்து அடிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கொட்டகைக்கு வரும் கோசின் வெளி இலையை உரிக்கும்போது மூக்கில் ஏறும். அதனால் கொட்டகைப் பெண்கள் யாரும் அழகான இலையை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டோம். பூச்சி கடித்து ஓட்டை போட்ட இலையைத்தான் தேடி எடுப்போம். பூச்சி தின்று சாகவில்லை என்றால் நாமும் சாக மாட்டோம் என்பது கணக்கு. தவுக்கே வீட்டிலும் அப்படித்தான். வீட்டுக்குப் பின்னால் மருந்து அடிக்காத ஒரு பாத்தி அவர்களுக்கென்று தனியாக இருக்கும்.

வேலைக்குப் போகாததால் எனக்கு ஓட்டை இலை கிடைக்கவில்லை. கடையில் வாங்கியதைத் தட்டில் பார்த்தாலே இந்த நோய் இதிலிருந்துதான் வந்ததோ என்று நினைப்பு ஓடும். டாக்டரிடம் கேட்டேன். "இதனாலதான் வந்துச்சுன்னு உங்க விஷயத்துல யாராலயும் சொல்ல முடியாது அக்கா" என்றார். அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

இரண்டாவது மருந்து ஏற்றிக்கொண்ட அன்று, கம்பளித் தொப்பிக்காரரும் அவர் மனைவியும் மறுபடி எதிரில் இருந்தார்கள். மனைவியின் காலடியில் ஒரு பை. அதன் வாயில் கீரைக்கட்டு தெரிந்தது. இலை முழுக்கச் சல்லடை.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அக்கா, இந்தக் கீரை எங்க வாங்குனீங்க?"

"வாங்கல லா, நான் போட்டது. மிஸிக்குக் கொண்டாந்தேன்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ மலைமேலயா?"

மங்களம் அக்காவை அப்படித்தான் தெரியும். திரிங்காப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சரிவில் அவருக்குக் கொஞ்சம் நிலம். கணவர் பெருமாள், அந்தத் தொப்பிக்காரர். அவருக்கும் என் நோய்தான். கீமோ முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது, பரிசோதனைக்கு வந்திருந்தார். தொப்பியைக் கழற்றித் தலையைக் காட்டினார்.

"பாத்தியாம்மா? முன்ன வழுக்கை. இப்ப மொளச்சிருச்சு. கீமோவால எனக்கு லாபம்தான்."

"தலையில மொளச்சது இருக்கட்டும், தோட்டத்துல களை மொளச்சிருக்கு, அதப் புடுங்க ஆளக் காணோம்" என்றார் மங்களம் அக்கா.

அக்கா தன் காயைச் சந்தைக்கு அனுப்புவதில்லை. எட்டுக் குடும்பங்கள் அவரிடம் பங்கு சேர்ந்திருந்தன. மூன்று மாதப் பருவத்துக்கு ஒரு பங்கு முந்நூற்று அறுபது வெள்ளி (ரிங்கிட்). பாதியைப் பருவம் தொடங்குமுன் கொடுத்துவிட வேண்டும். விதை, எரு, கூலி எல்லாம் அந்தப் பணத்தில்தான். மீதியை நடுவில் கொடுக்கலாம். சனிக்கிழமைதோறும் ஒரு கூடை வரும். அந்த வாரம் நிலம் என்ன கொடுத்ததோ அதை எட்டாகப் பிரித்தது. அது வேண்டும், இது வேண்டாம் என்று கேட்க முடியாது.

"மழ அடிச்சு எல்லாம் போயிட்டா?" என்று கேட்டேன்.

"எனக்கு மழன்னா உனக்கும் மழதான். கூடையில பாதிதான் இருக்கும்."

"பூச்சி தின்னுட்டா?"

"பூச்சி தின்ன மீதி."

"நீங்க... உங்களுக்கே முடியாமப் போயிட்டா?"

"ஏம்மா, இவ்ளோ கேள்விய டாக்டர்கிட்ட கேட்டியா?" என்றார் பெருமாள்.

வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்தேன். தேவி பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறாள். அவள் ஃபோனில் வேறொன்றைக் காட்டினாள். ஒரு கம்பெனி, அட்டைப்பெட்டியில் கழுவி, பிளாஸ்டிக்கில் சுற்றி, வேண்டியதை வேண்டியபோது வீட்டுக்கே அனுப்புமாம். வாரா வாரம் பணம் கட்டினால் போதும், பிடிக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். படத்தில் இருந்த இலைகள் ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

"இது வேணாம்" என்றேன்.

"மா, சுத்தமா இருக்கேம்மா. அதுக்கா வேணாங்கற?"

"அதுக்குத்தான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் சரிவைப் பார்க்கப் போனோம். மேலே புதுப் பாத்திகள், நடுவில் கோசும் பீன்ஸும், அடியில் தண்ணீர் வந்து சேரும் ஈரமான இடத்தில் வல்லாரையும் புதினாவும். ஒரு மூலையில் கோழி எரு குவித்து மூடியிருந்தார்கள். ஈ மொய்த்தது. கேமரன் மலையில் அந்த வாசனை எல்லோருக்கும் பழக்கம்தான், மூக்கைக்கூடப் பொத்த மாட்டோம். நான் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஓட்டை. மனம் ஆறுதலாக இருந்தது.

முன்கூட்டியே காசு கொடுக்க ஆறுமுகத்துக்குச் சம்மதமில்லை. "இன்னும் வெதைக்கவே இல்ல. அதுக்கு இப்பவே டுயிட் குடுக்கணுமா? மூணு மாசத்துக்கு?"

அவர் காயைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு வேறு மாதிரி கேட்டது. மூன்று மாதத்துக்கு முன்பணம் கட்டினால் மூன்று மாதம் நான் இருந்து சாப்பிட வேண்டும். இல்லாமல் போனால் அந்தக் கூடைகள் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை மட்டும் நான் அக்காவிடம் கேட்கவில்லை.

கடைசியில் என்னைச் சேர வைத்தது பெருமாள் அண்ணன்தான். அவர் எதுவும் சொல்லவில்லை. என் நோய் வந்து, அந்த மண்ணில் விளைந்ததைத் தின்று, தலையில் முடியோடு எதிரில் நின்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. என் சேமிப்பிலிருந்து நூற்று எண்பது வெள்ளியை எடுத்துக் கொடுத்தேன். நோட்டுகளை எண்ணும்போது விரலில் தாள் தெரியவில்லை. தேவி எண்ணித் தந்தாள்.

மூன்றாவது மருந்துக்குப் பிறகு கூடைகள் வரத் தொடங்கின. பெருமாள் அண்ணன் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். முதல் கூடையில் வெங்காயத்தாளும் சின்னச் சின்ன முள்ளங்கியும் பூசணிக் கொடியின் குருத்தும்தான் இருந்தன. "நூத்தி எம்பது வெள்ளிக்கு இதுவா?" என்றார் ஆறுமுகம். ஆனால் குருத்தைப் பருப்போடு கடைந்து கொடுத்தபோது ஒரு கிண்ணம் சோறு உள்ளே போனது. அடுத்த வாரம் பீன்ஸ் வந்தது. அந்த மாதம் எடை குறையவில்லை. டாக்டர் தலையாட்டினார். நான்காவது மருந்து தள்ளிப்போகவில்லை.

இனி எழுதுவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

கீமோ போட்ட இரண்டாவது வாரத்தில் வெள்ளை அணு (கிருமியோடு சண்டை போடும் ரத்த அணு) அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அப்போது உடம்பில் காவலுக்கு ஆள் இல்லை. அதனால் எல்லாவற்றையும் வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும், பச்சையாக எதுவும் கூடாது, உலாம் (பச்சை இலைகளை மிளகாய்ச் சம்பலோடு தின்பது) கூடவே கூடாது என்று மிஸி முதல் நாளே சொல்லியிருந்தார். தலையாட்டினேன். ஆனால் நான் அதை எங்கள் கொட்டகைப் புத்தியோடு கேட்டேன். பச்சையாகத் தின்றால் மருந்து அடித்த விஷம் உள்ளே போகும், அதற்காகத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். விஷம் அடிக்காத இலைக்கு அந்தச் சட்டம் இல்லை என்று நானே முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பத்துத் தடவை கேட்கிறவள் இதைக் கேட்கவில்லை.

நான்காவது மருந்து போட்ட இரண்டாவது வாரம் வந்த கூடையில் வல்லாரை இருந்தது. அந்த வாரம் நல்ல மழை. இலையில் மண் தெறித்திருந்தது. குழாயில் மூன்று தடவை அலசினேன். தேங்காய், மிளகாய், எலுமிச்சை போட்டுப் பச்சையாகப் பிசைந்தேன். வாயில் வைத்ததும் கசப்பு தெரிந்தது, பிறகு புளிப்பு, பிறகு காரம். பல வாரங்களுக்குப் பிறகு ருசி தெரிந்தது. மறுநாளும் தின்றேன். அதற்கு மறுநாளும். இதை நான் மறைக்க விரும்பவில்லை: அது நன்றாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது குளிர் உதறியது. வெப்பமானி முப்பத்தெட்டைத் தாண்டியிருந்தது. முப்பத்தெட்டைத் தாண்டினால் காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்பது சட்டம். ஆறுமுகம் மேனேஜர் வீட்டுக்கு ஓடித் தோட்டத்து வேனைக் கேட்டு வாங்கிவந்தார். மலை இறங்கும் வழி முழுக்க ஒவ்வொரு வளைவிலும், "சரசு, முழிச்சிருக்கியா?" என்று கேட்டார். முழித்துத்தான் இருந்தேன். பயமில்லை. ஆயுள் முழுக்கப் பயந்தவளுக்குச் சரியான நேரத்தில் பயம் வரவில்லை. வேன் சன்னலில் மூங்கில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனி அறையில் போட்டார்கள். உள்ளே வருகிறவர்கள் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்கள். கிருமிக்கொல்லி மருந்து நரம்பில் ஏறியது. இரத்தத்தில் கிருமி கலந்திருந்தது. வயிறு கலங்கி, ரத்த அழுத்தம் இறங்கி, இரண்டு நாட்கள் யார் வந்தார்கள் என்றே தெரியவில்லை. அந்த இரண்டு நாட்களில் மட்டும் நான் யாரையும் எண்ணவில்லை.

தெளிந்தபின் டாக்டர் கட்டில் அருகில் உட்கார்ந்தார். "அக்கா, பச்சையா ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

சொன்னேன். "மருந்து அடிக்காத கீரை டாக்டர். ஓட்டை இருந்துச்சு" என்றும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "அந்தக் கீரையாலதான்னு உறுதியா சொல்ல மாட்டேன். உங்க குடல்ல இருக்கற கிருமியே ரத்தத்துக்குப் போயிருக்கலாம். ஆனா மண்ணுல, எருவுல இருக்கற கிருமிக்கு நீங்க கதவத் தொறந்து விட்டுட்டீங்க. பூச்சிமருந்து வேற விஷயம்க்கா. இப்போதைக்கு உங்களுக்கு ஆபத்து கிருமி. ஓட்டை இருந்தாலும் இல்லாட்டியும் வேக வைங்க."

ஐந்தாவது தள்ளிப்போனது. எப்போது போடலாம் என்று அணு ஏறியபின்தான் சொல்ல முடியும் என்றார். நடுவில் தள்ளிப்போகக் கூடாது என்று சொல்லப்பட்டது, என் கையால் தள்ளிப்போனது. கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன். மரத்த விரலுக்குக் கட்டி வந்தாலும் தெரியாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. தேவியைத் தடவிப் பார்க்கச் சொன்னேன்.

நான் வீடு வந்த பிறகு மங்களம் அக்காவும் பெருமாள் அண்ணனும் வந்தார்கள். ஆறுமுகம் அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"இந்தாளுக்கு ஒண்ணும் ஆவல, என் பொண்டாட்டிக்கு மட்டும் எப்படி ஆச்சு? இவரும் உங்க கீரையத்தானே தின்னாரு?"

பெருமாள் அண்ணன் தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டினார். "யாரு, நானா? நான் கீரையே தொட மாட்டேன் தம்பி. கீமோ முடியற வரைக்கும் கஞ்சியும் டின் சார்டின் மீனும்தான். இவளக் கேளுங்க."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுசன் ஒரு எலை தின்னதில்ல" என்றார் மங்களம் அக்கா. "ஊருக்கே கீரை போடுறேன், வீட்டுல தின்ன ஆளில்ல."

தேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நான் சுவரைப் பார்த்தேன். சார்டின் தின்ற மனிதரை நம்பித்தான் நான் வல்லாரை தின்றிருக்கிறேன்.

அக்கா முந்தானையிலிருந்து நூற்று எண்பது வெள்ளியை எடுத்துக் கட்டிலில் வைத்தார். "சரசு, நான் ஒண்ணு சொல்லணும். ஆறப்போட்ட பழைய எரு மழையில அடிச்சுட்டுப் போயிருச்சு. மேல் பாத்திக்குப் புது எருவத்தான் போட்டேன். மழத்தண்ணி அங்கேர்ந்துதான் வல்லாரைக்கு எறங்கிருக்கும். மத்த வீட்டுக்காரங்கல்லாம் வேகவச்சுத் தின்னுட்டாங்க, ஒண்ணும் தெரியல. ஒன் ஒடம்பு இப்படின்னு தெரிஞ்சும் நான் ஒரு வார்த்த சொல்லிவிட்டிருக்கணும். வெஷம் அடிக்கல, அது சத்தியம். ஆனா சாணி சாணிதானே. பணத்த வச்சுக்க."

கேட்காமலேயே அவர் அதைச் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. கோபப்பட வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரிந்தது. கோபம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

"சனிக்கிழம கூடை வரும்ல?" என்று கேட்டேன்.

"இவளுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறிருச்சு" என்றார் ஆறுமுகம்.

பணத்தை அக்காவின் பக்கம் நகர்த்தினேன். ஒரு நோட்டு கீழே விழுந்தது. அது கையை விட்டுப் போனதே எனக்குத் தெரியவில்லை. ஆறுமுகம் குனிந்து எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அவரே அக்காவிடம் கொடுத்துவிட்டு, "உக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றார்.

சனிக்கிழமை கூடை வந்தது. என் கூடையில் மட்டும் கீரைகளைத் தனியாகச் சிவப்புக் கயிற்றில் கட்டியிருந்தார் அக்கா. கட்டாயம் வேகவைக்க வேண்டியது என்று அடையாளம். பீன்ஸிலும் கயிறு, கோசிலும் கயிறு. கடைசியில் எல்லாவற்றிலும் கயிறு இருந்தது. தேவி ஒவ்வொன்றையும் உப்புத் தண்ணீரில் போட்டு, அலசி, கொதிக்க வைத்தாள். வல்லாரையைப் பச்சையாகப் பிசைவதற்குப் பதில் ரசமாக வைத்தாள். ருசி பெரிதாக ஒன்றுமில்லை. குடித்தேன்.

அணு ஏறுவதற்கு ஊசி போட்டார்கள். எலும்புக்குள் யாரோ இடிப்பது போல வலித்தது. பிறகு ஐந்தாவது மருந்து ஏறியது. ஆறாவதும் ஏறியது. கடைசிப் பை காலியானபோது மிஸி கை தட்டினார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் தட்டினார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. கழிவறை எங்கே என்று கேட்டேன்.

பருவத்தின் பிந்திய பாதிப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முடித்தேன்.

ஸ்கேனில் இப்போதைக்கு நோய் தெரியவில்லை என்றார் டாக்டர். ஆறுமுகம் அவரைக் கும்பிட்டார். நான் "இப்போதைக்கு" என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும்.

முடி வந்துவிட்டது, சுருட்டையாக. கண்ணாடியில் பார்க்கும்போது வேறு யாரோ என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். விரல்கள் முழுதாக வரவில்லை. பாதியாவது வருமா, எப்போது வரும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. பீன்ஸ் நார் உரிக்கும்போது நார் கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்கிறேன். சுடுதண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். இந்த உடம்பை நான் நம்பவில்லை. ஆனால் தினமும் அதற்குச் சோறு போடுகிறேன்.

கிழமைகளும் மாறிவிட்டன. முன்பு சம்பள நாளைத்தான் பார்ப்பேன். இப்போது சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரைதான் எனக்குத் தெரியும். கூடையில் என்ன இருக்கிறதோ அதுதான் அந்த வாரம். முள்ளங்கி வாரம், பூசணி வாரம், ஒன்றுமே இல்லாத மழை வாரம்.

போன வாரம் மங்களம் அக்கா தானே கூடையைக் கொண்டுவந்தார்.

"கோசு நட்டிருக்கேன். அடுத்த பருவத்துக்கு இருக்கியா? பாதிய இப்ப குடு. மீதிய கோசு உருண்ட கட்டுறப்ப குடு."

எங்கள் குளிரில் கோசு உருண்டை கட்டி முடிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதற்குமுன் என் அடுத்த பரிசோதனை வந்துவிடும். "ஸ்கேன் வேற இருக்குக்கா" என்றேன்.

"இருந்தா? ஒன் ஸ்கேனுக்காகக் கோசு காத்திருக்குமா?"

ஆறுமுகம் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். முழுப் பணமும் இருந்தது. ஓவர்டைம் பணமாக இருக்க வேண்டும். "முழுசாவே கட்டிரலாம் சரசு. எதுக்கு அவங்கள அலைய விடணும்?"

வெதைக்காத காய்க்கு டுயிட்டா என்று கேட்ட மனிதர்.

வேண்டாம் என்றேன். பாதியை மட்டும் வாங்கி நானே எண்ணினேன். விரலுக்குத் தெரியாததால் ஒவ்வொரு நோட்டாகக் கட்டிலில் பரப்பி, கண்ணால் எண்ணி, அக்கா கையில் கொடுத்தேன். மீதியை ஆறுமுகத்திடம் தரச் சொல்லவில்லை. தேவியிடமும் சொல்லவில்லை. கோசு உருண்டை கட்டும்போது நான்தான் அந்தச் சரிவில் நடந்துபோய் அதைக் கொடுக்க வேண்டும்.

பாக்கி, நூற்று எண்பது வெள்ளி.